கழுத்து டிஸ்க்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும்: ஒரே உடம்பில் ரெண்டு வலி

ஓம் சரவணபவ.



தைப்பூசம் முடிஞ்ச நாளிலேர்ந்து என்கிட்ட வர்ற கேள்வி ஒண்ணுதான். "அக்கா, போன வருஷம் கழுத்துல டிஸ்க் விலகியிருக்குன்னு சொன்னீங்க. இப்போ ஃபைப்ரோமயால்ஜியான்னு சொல்றீங்க. எதுதான் உண்மை? ஒண்ணு முத்திப்போய் இன்னொண்ணா மாறிடுச்சா?" கேட்டவங்கள்ல அஞ்சாறு பேர் தங்களுக்காகவும்தான் கேட்டாங்க. ரெண்டு பேர் ஸ்கேன் ரிப்போர்ட்டையே கையோட கொண்டு வந்தாங்க. அதுல ஒருத்தங்களுக்கு ஆபரேஷன் தேதியும் குறிச்சாச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் பாதி பாதியா சொல்றதை விட, முழுசா ஒரு தடவை எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். நீளமான பதிவு. பசியாறிட்டு நிதானமா படிங்க.

நான் டாக்டர் இல்லை. ரெண்டு வியாதியும் உள்ள ஒரு கோயில் தொண்டர். என்னைப் பார்க்கிற டாக்டர்கள் சொன்னதையும், அதைப் பத்தி நான் தேடிப் படிச்சதையும்தான் எழுதுறேன்.

முதல்ல சுருக்கமான பதில். ரெண்டும் உண்மை. ஒண்ணு இன்னொண்ணா மாறுறதில்லை. ரெண்டும் தனித்தனி வியாதி. ஆனா ஒரே உடம்புல சேர்ந்து குடியிருக்கும், ஒண்ணு இன்னொண்ணைக் கிளறியும் விடும். எந்த வலி எங்கேர்ந்து வருதுன்னு பிரிச்சுப் பார்க்காம வைத்தியம் செஞ்சா, தேவையில்லாத ஆபரேஷனும் நடக்கலாம், தேவையான ஆபரேஷன் தள்ளியும் போகலாம்.

டிஸ்க் விஷயத்தை முதல்ல பார்ப்போம்.

கழுத்துல 7 எலும்பு இருக்கு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கிறதுதான் டிஸ்க். நம்ம விநாயகருக்குப் படைக்கிற கொழுக்கட்டையை நினைச்சுக்கோங்க. வெளியே மாவு, உள்ளே பூரணம். டிஸ்க்கும் அப்படித்தான். வெளியே கெட்டியான வளையம், உள்ளே மெதுவான சதை. வயசாக ஆக வளையம் காய்ஞ்சு வெடிப்பு விடும். உள்ளே இருக்கிறது பிதுங்கும். பிதுங்கினது பக்கத்துல போற நரம்பைத் தொட்டாத்தான் பிரச்சினை. கழுத்துலேர்ந்து 8 ஜோடி நரம்பு வெளியே வருது, கீழே உள்ளதுதான் தோளுக்கும் கைக்கும் போகுது. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பாதை. 5ஆவது எலும்புக்கும் 6ஆவது எலும்புக்கும் நடுவுல உள்ள டிஸ்க் பிதுங்கினா, வலி தோளிலேர்ந்து இறங்கி கட்டை விரல், ஆள்காட்டி விரல் பக்கம் போகும். அதுக்குக் கீழே உள்ள டிஸ்க்னா நடு விரல் பக்கம் போகும். பெரும்பாலும் ஒரு பக்கக் கைதான். கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினா, அண்ணாந்து பார்த்தா, ஷாக் அடிச்ச மாதிரி கையில இறங்கும்.

ஃபைப்ரோமயால்ஜியா அப்படி ஒரு பாதையில ஓடாது. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால்னு உடம்பு முழுக்க வலிக்கும். இடது பக்கமும் வலிக்கும், வலது பக்கமும் வலிக்கும். மூணு மாசத்துக்கு மேல விடாம இருக்கும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. அர்ச்சனைச் சீட்டு எழுதும்போது நட்சத்திரம் கேட்டு, அதை எழுதுறதுக்குள்ள மறந்து போகும். பேரப்பிள்ளை ஆசையா தோளைப் பிடிச்சாக்கூட வலிக்கும். மேளச் சத்தம், பட்டாசுச் சத்தம் தாங்காது. ஆனா ரத்தப் பரிசோதனை சரியா இருக்கும். எக்ஸ்ரேயும் சரியா இருக்கும்.

இது ஏன் வருதுன்னு என் டாக்டர் விளக்கினதை, நம்ம கோயில் ஒலிபெருக்கி கணக்குல சொல்றேன். மைக்ல ஐயர் மெதுவாத்தான் மந்திரம் சொல்றார். ஆனா பெட்டியில யாரோ வால்யூமை முழுசா ஏத்தி வச்சிருக்காங்க. அவர் தொண்டையைச் செருமினாக்கூட ஸ்பீக்கர்ல இடி மாதிரி கேட்குது. மைக்ல கோளாறு இல்லை, ஐயர் மேலயும் குத்தமில்லை. வால்யூம்தான் ஏறியிருக்கு. ஃபைப்ரோமயால்ஜியாவில மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பெருசாக்கிக் காட்டுது. வலி கற்பனை இல்லை. ஸ்பீக்கர்ல கேட்கிற சத்தம் கற்பனையா என்ன? 2017ல் உலக வலி ஆராய்ச்சிச் சங்கம் இந்த வகை வலிக்குன்னே தனியா ஒரு பேர் வச்சிருக்கு, 'நோசிபிளாஸ்டிக்' வலின்னு. காயத்தால வர்ற வலி, நரம்பு பழுதுபட்டு வர்ற வலி, இது ரெண்டிலயும் சேராத மூணாவது வகை.

டிஸ்க் கோளாறுங்கிறது மைக் பக்கம் உள்ள கோளாறு. ஃபைப்ரோ வால்யூம் பக்கம் உள்ளது. ரெண்டும் சேர்ந்துட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

ரெண்டையும் டாக்டர்களே குழப்பிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1990ல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் சங்கம் ஃபைப்ரோவைக் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தாங்க. உடம்புல 18 இடத்தை விரலால அழுத்திப் பார்ப்பாங்க. 11 இடத்துல வலிச்சா ஃபைப்ரோ. அந்த 18ல் 8 இடம் பிடரி, கழுத்து, தோள்பட்டையைச் சுத்தித்தான் இருக்கு. அதுல ஒரு ஜோடி, கழுத்து முன்பக்கத்துல 5லேர்ந்து 7ஆவது எலும்பு உள்ள மட்டம். டிஸ்க் அதிகமா தேயுறதும் அதே மட்டத்துலதான். கை மரத்துப் போறது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கிறது, இதுவும் ரெண்டுலயும் உண்டு.

இப்போ அந்த அழுத்திப் பார்க்கிற கணக்கு மட்டும் இல்லை. 2010லயும் 2016லயும் முறையை மாத்திட்டாங்க. உடம்பை 19 இடமா பிரிச்சு, போன ஒரு வாரத்துல எங்கெங்கே வலிச்சதுன்னு கேட்பாங்க. அசதி, தூக்கம், ஞாபகம் எப்படின்னு கேட்டு மதிப்பெண் போடுவாங்க. உடம்பை அஞ்சு பகுதியா பிரிச்சதுல நாலு பகுதியிலாவது வலி இருக்கணும். 2016 திருத்தத்துல முக்கியமா ஒண்ணு சொல்லியிருக்காங்க: வேற வியாதி இருக்குங்கிறதுக்காக ஃபைப்ரோ இல்லைன்னு ஆகாது, ஃபைப்ரோ இருக்குங்கிறதுக்காக வேற வியாதி இல்லைன்னும் ஆகாது. "டிஸ்க்கா, ஃபைப்ரோவா?"ன்னு கேட்கிறவங்களுக்கு அதுலயே பதில் இருக்கு.

சரி, ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு எழுதியிருக்கே, அப்போ வலிக்குக் காரணம் அதுதானேன்னு கேட்பீங்க. ஜப்பான்ல 20 வயசிலேர்ந்து 70 வயசு வரைக்கும் உள்ள, கழுத்துல எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாங்க. 2015ல் அந்த முடிவு வெளிவந்தது. அதுல 87.6 விழுக்காட்டுப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்துச்சு. வலியே இல்லாத ஆளுங்களுக்கு! அதாவது நம்ம கோயில் அன்னதான வரிசையில நிக்கிறவங்க எல்லாரையும் ஸ்கேன் எடுத்தா, பெரும்பாலானவங்க ரிப்போர்ட்ல 'டிஸ்க் பல்ஜ்'னு இருக்கும். தலை நரைச்ச மாதிரி அதுவும் ஒரு மாற்றம். ஸ்கேன்ல தெரியுறதும், கையில நடக்கிறதும், டாக்டர் சுத்தியலால தட்டி முழங்கையில பார்க்கிறதும் ஒத்துப் போனாத்தான் டிஸ்க் மேல பழி போடலாம்.

என் கதை இதுதான். ரிப்போர்ட்ல 5-6 டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு இருந்துச்சு. வலது கையில கட்டை விரல் வரைக்கும் வலி இறங்கினதும் உண்மைதான். ஆனா அதே நேரத்துல ரெண்டு இடுப்பும் வலிச்சது, பாதம் வலிச்சது, தாடை வலிச்சது, ராத்திரி தூக்கமில்லை. ஒரு தனியார் இடத்துல, கழுத்துல அந்த டிஸ்க்கை எடுத்துட்டு ரெண்டு எலும்பையும் சேர்த்து வச்சிட்டா எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்க. செலவு பல்லாயிரம் வெள்ளி. வீட்டுக்காரர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாமான்னு கணக்குப் போட ஆரம்பிச்சிட்டார். மகள்தான், "அம்மா, கழுத்து டிஸ்க் எப்படிம்மா காலை வலிக்க வைக்கும்? இன்னொரு டாக்டரைக் கேட்போம்"னு பிடிவாதம் பிடிச்சா. அரசாங்கக் கிளினிக்ல கடிதம் வாங்கி, மூட்டுவாத நிபுணர்கிட்ட போனோம். அவங்க அரை மணி நேரம் கேட்டாங்க, தொட்டுப் பார்த்தாங்க. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழற்சி எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க. கடைசியில, "கை வலி மட்டும் டிஸ்க்கோடது. மத்ததெல்லாம் ஃபைப்ரோமயால்ஜியா. டிஸ்க்கை வெட்டினா கை வலி வேணும்னா குறையும், மத்தது அப்படியே இருக்கும்"னாங்க. கை பலம் குறையலை, நடை தடுமாறலை, அதனால அவசரம் இல்லைன்னாங்க. கழுத்து நரம்பு அழுத்தத்துல நிறைய பேருக்குச் சில வாரத்துலேர்ந்து சில மாசத்துல ஆபரேஷன் இல்லாமலே குறையுதுன்னும் சொன்னாங்க. என் கை வலி நாலு மாசத்துல பெரும்பகுதி அடங்கிடுச்சு. ஃபைப்ரோ இன்னும் இருக்கு. அதோட வாழப் பழகிட்டு வர்றேன்.

ஆபரேஷன் தேதி குறிச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். தேதியை ரத்து பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்லை. ஆனா ஆபரேஷன் செய்யிற டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. "என் வலியில எந்தெந்த வலி இந்த டிஸ்க்கால வருது? ஆபரேஷனுக்கு அப்புறம் எது போகும், எது போகாது? இன்னும் ஆறு வாரம் காத்திருந்தா ஆபத்து உண்டா?" நேர்மையான டாக்டர் இதுக்குக் கோபப்பட மாட்டார். ஃபைப்ரோ உள்ளவங்களுக்கு முதுகெலும்பு ஆபரேஷனுக்கு அப்புறம் மத்தவங்களை விட நிம்மதி குறைவாக் கிடைக்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது. அதையும் முன்கூட்டியே பேசிக்கிறது நல்லது.

மறுபக்கம் ஒண்ணு இருக்கு. இதைத் தயவுசெஞ்சு கவனமாப் படிங்க.

நம்ம தொண்டர் குழுவில ஒரு அண்ணன். அவர் அனுமதியோடதான் சொல்றேன், பேர் வேண்டாம். கற்பூரத் தட்டு கையிலேர்ந்து நழுவும். வேட்டி முடிச்சுப் போட நேரமாகும். நடக்கும்போது லேசா தள்ளாடும். பெருசா வலி கிடையாது. "வயசாச்சு", "நரம்புத் தளர்ச்சி"ன்னு எல்லாரும் சொல்லிட்டோம். அவருக்குக் கழுத்துல டிஸ்க் பின்னால பிதுங்கி, தண்டுவடத்தையே அழுத்திட்டு இருந்துச்சு. அவருக்கு ஆபரேஷன் அவசியம், நடந்துச்சு. மேற்கொண்டு மோசமாகாம நின்னுடுச்சு. தண்டுவட அழுத்தத்துல வலி குறைவா இருக்கலாம், ஆபத்து அதிகம்.

அதனால, ஃபைப்ரோ இருக்கோ இல்லையோ, கீழே சொல்றது எதுவும் புதுசா வந்தா உடனே போய்க் காட்டுங்க. சட்டை பட்டன் போட, பூக்கட்ட, சாவி திருப்ப விரல் ஒத்துழைக்காம போறது. கை அல்லது காலில் பலம் குறையுறது. இருட்டுல நடந்தா தடுமாறுறது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போறது. கழுத்தைக் குனிஞ்சா முதுகுல மின்சாரம் பாயுற மாதிரி இருக்கிறது. காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்து வர்ற கழுத்து வலி. விழுந்தோ விபத்துலயோ அடிபட்ட பிறகு வர்ற கழுத்து வலி. "அதெல்லாம் என் ஃபைப்ரோதான்"னு விட்டுடாதீங்க. நம்ம சமூகத்துல சர்க்கரை வியாதி அதிகம், அதனாலயும் கைகால் மரத்துப் போகும். சுத்த சைவமா இருக்கிறவங்களுக்கு பி12 சத்துக் குறைஞ்சாலும் மரத்துப் போகும். அதையும் பார்க்கச் சொல்லுங்க.

டிஸ்க் ஃபைப்ரோவை உண்டாக்குமா? இதுக்கு ஆய்வாளர்கள்கிட்டயே ஒரே பதில் இல்லை. இஸ்ரேல்ல 1997ல் ஒரு ஆய்வு வந்துச்சு. கழுத்துல அடிபட்ட 102 பேரையும், கால் எலும்பு முறிஞ்ச 59 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கழுத்துல அடிபட்டவங்கள்ல 21.6 விழுக்காட்டுப் பேருக்கு ஃபைப்ரோ இருந்துச்சு, கால் முறிஞ்சவங்கள்ல 1.7 விழுக்காடுதான். அதைப் படிச்சவங்க, கழுத்து அடிதான் காரணம்னு முடிவு கட்டினாங்க. ஆனா 2006ல் அதே நாட்டுல, வாகன விபத்துல கழுத்து வெட்டி இழுத்த 150க்கு மேற்பட்டவங்களை ஒரு வருஷத்துக்கு மேல கவனிச்சாங்க. கிட்டத்தட்ட யாருக்குமே ஃபைப்ரோ வரலை. அதனால, கழுத்துல பிரச்சினை வந்த எல்லாருக்கும் ஃபைப்ரோ வரும்னு பயப்படத் தேவையில்லை. அதே சமயம், ஏற்கெனவே வால்யூம் ஏறிப் போயிருக்கிற உடம்புல, நாள்பட்ட டிஸ்க் வலி நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரிதான்.

தூக்கமும் இதுல ஒரு பாலம். 1975ல் கனடாவில டொரோண்டோவில, ஆரோக்கியமா இருந்த சில மாணவர்களை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக விடாம, சத்தம் போட்டுத் தடுத்துப் பார்த்தாங்க. சில ராத்திரியிலேயே அவங்களுக்கு உடம்பு வலி, தொட்டா வலி, அசதி எல்லாம் வந்துச்சு. கழுத்து டிஸ்க் வலியால ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறவங்களுக்கும் அந்த ஆழ்ந்த தூக்கம்தான் கெடுது.

இதை எழுதும்போது என் அம்மா ஞாபகம் வருது. பாரோயைச் சுத்தி இன்னிக்குத் தாமான்களா இருக்கிற இடத்துல முன்னாடி ரப்பர் தோட்டங்கள் இருந்துச்சு. விடியுறதுக்கு முன்னால பெரட்டுக்குப் போய், கீழ்வெட்டு மரத்துக்குக் குனிஞ்சு, மேல்வெட்டு மரத்துக்கு அண்ணாந்து, காண்டா கம்புல ரெண்டு பக்கமும் பால் வாளியைத் தோள்ல சுமந்து வந்த பெண்கள். லயத்து வீட்டுக்கு வந்தா சமையல், பிள்ளைங்க, துணி. ராத்திரி கோடாலித் தைலம் வாசம் இல்லாத வீடே கிடையாது. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே தேய்ப்பாங்க. தோட்டத்து டிரஸ்ஸர் ரெண்டு மாத்திரை கொடுத்து அனுப்புவார். அவங்கள்ல யாருக்கு டிஸ்க் தேய்ஞ்சிருந்துச்சு, யாருக்கு ஃபைப்ரோ, யாருக்கு ரெண்டும்னு யாரும் பார்த்ததில்லை. ஃபைப்ரோமயால்ஜியாங்கிற பேரே 1976லதான் வந்துச்சு. அந்த அம்மாக்களுக்குக் கிடைச்ச பேர் "சோம்பேறி" அல்லது "எப்பப் பாரு வலி வலின்னு". நமக்கு இன்னிக்குச் சரியான பேரும் கிடைக்குது, டாக்டரும் கிடைக்கிறாங்க. பிள்ளைங்க கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான். அரசாங்கக் கிளினிக்ல ஒரு வெள்ளியில ஆரம்பிக்கலாம். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில மூட்டுவாதப் பிரிவு இருக்கு. கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்தா போகலாம்.

வைத்தியம் என்னன்னு கேட்பீங்க. 2016ல் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் எடைபோட்டு, ஃபைப்ரோவுக்கு உறுதியா பரிந்துரைச்சது ஒண்ணே ஒண்ணுதான்: உடற்பயிற்சி. மாத்திரை அதுக்கு அடுத்துதான். ராத்திரி குறைஞ்ச அளவு அமிட்ரிப்டிலின், அல்லது டுலாக்ஸெட்டின், பிரிகாபலின் மாதிரி மருந்து சிலருக்கு உதவும். டாக்டர்தான் முடிவு பண்ணணும். சாதாரண வலி மாத்திரையும் வலி ஊசியும் ஃபைப்ரோவுக்கு வேலை செய்யாது. தினமும் போட்டா வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

உடற்பயிற்சின்னதும் பயந்துடாதீங்க. நான் அஞ்சு நிமிஷ நடையில ஆரம்பிச்சேன். கோயிலைச் சுத்தி மூணு பிரதட்சணம், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு சுத்து கூட்டினேன். இன்னிக்கு இருபது நிமிஷம் நடக்கிறேன். நல்லா இருக்கிற நாள்ல ஆசைப்பட்டு ஒரு மணி நேரம் நடந்தா, அடுத்த மூணு நாள் படுக்கைதான். அதனால நல்ல நாளும் அதே அளவு, கெட்ட நாளும் முடிஞ்ச அளவு. காலையில பூங்காவில சீனப் பெரியவங்க மெதுவா கையை அசைச்சுச் செய்யிறாங்களே தாய்ச்சி, அது ஃபைப்ரோவுக்கு நல்லதுன்னு 2010லயும் 2018லயும் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகள் காட்டுது. டிஸ்க்கும் இருந்தா, கழுத்துப் பயிற்சியை மட்டும் ஃபிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுத்த மாதிரி செய்யுங்க. யூடியூப் பார்த்து சிரசாசனம், சர்வாங்காசனம் வேண்டவே வேண்டாம்.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, முடி வெட்டுற கடையில கழுத்தைப் பிடிச்சு 'டக்'குனு சொடக்கு எடுக்கிற பழக்கம். நம்ம ஆம்பளைங்களுக்கு அது ஒரு சுகம். ஆனா டிஸ்க் பிதுங்கியிருக்கிற கழுத்துல அது நரம்பை நசுக்கலாம். அபூர்வமா, மூளைக்குப் போற ரத்தக் குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்களும் உண்டு. தலை மசாஜ் போதும், கழுத்தைத் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க. ரெண்டு, பாசார் மாலாம்லயும் போன்லயும் வாங்குற மூட்டுவலிப் பொடி, மாத்திரை. ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சுன்னா சந்தேகப்படுங்க. இந்த மாதிரிப் பொருள்ல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு நம்ம நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரிச்சிருக்கு. 'எம்.ஏ.எல்.' எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க.

இப்போ கோயில் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு பெரியம்மா என்கிட்ட ரகசியமா, "யாரோ உனக்குச் செஞ்சு வச்சிருக்காங்கம்மா, எடுத்துடு"ன்னாங்க. அன்புலதான் சொன்னாங்க. விபூதி வாங்குங்க, தாயத்து கட்டணும்னா கட்டுங்க, மனசுக்குத் தைரியம்தான். ஆனா அதுக்காக ஆயிரம் ரெண்டாயிரம் கேட்கிறவங்ககிட்ட போகாதீங்க. கிளினிக் போற நாளையும் தள்ளிப் போடாதீங்க.

காவடி, பால்குடம் வேண்டுதல் உள்ளவங்க என்ன செய்யிறதுன்னு பலரும் கேட்டாங்க. தலை நிமிர்ந்து இருக்கும்போதே கழுத்து சுமார் 5 கிலோ தலையைத் தாங்குது. 60 பாகை குனிஞ்சா கழுத்துக்கு வர்ற அழுத்தம் சுமார் 27 கிலோன்னு 2014ல் ஒரு முதுகெலும்பு டாக்டர் கணக்குப் போட்டார். அது போனைக் குனிஞ்சு பார்க்கிறவங்களுக்காகப் போட்ட கணக்கு. பூக்கட்டுறவங்களும், காய் நறுக்குறவங்களும், கோலம் போடுறவங்களும் அப்படித்தான் குனியுறோம். நரம்பு அழுத்தம் இருக்கும்போது தலையில குடம், தோள்ல காவடி வேண்டாம். நம்ம ஐயர்கிட்ட கேட்டேன். குடத்தை நெஞ்சோட அணைச்சு ஏந்திட்டு வரலாம், முடியலைன்னா வீட்டு ஆள் தூக்க நீங்க கூட நடந்து வரலாம், முருகன் கணக்குப் பார்க்க மாட்டார்னு சொல்லிட்டார். சாஷ்டாங்க நமஸ்காரத்துக்குப் பதிலா நின்னு கைகூப்பினாலும் போதும்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னாடி நம்ம தொண்டர் குழுவுக்கும் நிர்வாகத்துக்கும் நான் வைக்கிற கோரிக்கை நாலு.

பூக்கட்டவும் காய் நறுக்கவும் இடுப்பு உயரத்துல ஒரு மேசை போடுவோம். தரையிலதான் உட்காரணும்னு யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வேலையை மாத்திக்குவோம். நறுக்கினவங்க எழுந்து இலை போடட்டும், இலை போட்டவங்க உட்காரட்டும்.

சோத்து அண்டாவைத் தனியா யாரும் தூக்க வேண்டாம். நாலு பேர், இல்லைன்னா தள்ளுவண்டி.

தூண் ஓரமா பத்து நாற்காலி எப்பவும் இருக்கட்டும். அதுல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க, ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"ன்னு யாரும் கேட்க வேண்டாம்.

கடைசிக் கோரிக்கைதான் முக்கியம். கழுத்துல பட்டை மாட்டியிருந்தா எல்லாரும் இடம் விடுறாங்க. ஸ்கேன் ரிப்போர்ட் காட்டினா நம்புறாங்க. ஃபைப்ரோவுக்குக் காட்டுறதுக்கு ஒரு பட்டையும் இல்லை, படமும் இல்லை. அதனாலயே பலர் தங்களுக்கு டிஸ்க்னு சொல்லிக்கிறாங்க. அப்படிச் சொன்னாத்தான் வீட்டிலயும் கோயில்லயும் மதிப்பு. அந்த நிலைமை வந்தா, நம்பிக்கைக்காக ஒருத்தர் ஆபரேஷன் மேசை வரைக்கும் போயிடுவார். வலின்னு ஒருத்தர் சொன்னா, முதல்ல நம்புவோம். எந்த வலின்னு பிரிச்சுப் பார்க்கிறதை டாக்டர்கிட்ட விடுவோம்.

இந்தப் பதிவை உங்க அம்மாவுக்கும் மாமியாருக்கும் படிச்சுக் காட்டுங்க. யாருக்காவது கிளினிக்குப் போகத் துணை வேணும்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜைக்கு அப்புறம் என்னைப் பாருங்க. கூட வர்றதுக்கு நம்ம குழுவில ரெண்டு மூணு பேர் தயாரா இருக்கோம்.

எல்லாரும் நலமா இருக்க வேலவன் துணை இருக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.